எத்தனால், சிஎன்ஜி, ஹைட்ரஜன், பேட்டரி எல்லாம் வந்தும் கார் ஏன் இன்னும் பெட்ரோலை விடவில்லை?

#1 கேள்விக்குறி

மாற்று எரிபொருள் எதுவும் நேற்று முளைத்தது இல்லை. 1899-லேயே ஒரு மின்கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டது. முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 பிரேசிலில் 1979-ல் விற்பனைக்கு வந்தது. 700 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 700 மடங்கு) அழுத்த ஹைட்ரஜன் டேங்கோடு டொயோட்டா மிராய் வந்தது 2014-ல். ஆனாலும் 2024 முடிவில் உலகத்தில் ஓடும் கார்களில் ப்ளக் போடக்கூடியவை 4 சதவீதம் சுற்றித்தான். மீதியில் பெரும்பங்கு பெட்ரோல்.

"எண்ணெய் கம்பெனிகளின் சதி" என்ற ஒரு வரி பதில் வேண்டாம். "பேட்டரி வந்தாச்சு, பெட்ரோல் முடிஞ்சாச்சு" என்பதும் வேண்டாம். எந்த இடத்தில் என்ன தடை, எந்தப் பாகம் எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 அழுத்தமானி

இன்ஜினை அப்புறம் பார்க்கலாம். டேங்கிலிருந்து ஆரம்பிப்போம், சண்டையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

50 லிட்டர் பெட்ரோலின் எடை 37 கிலோ. அதில் உள்ள வெப்ப ஆற்றல் 1,600 மெகாஜூல், நம் மின்சாரக் கணக்கில் 444 யூனிட். அதைப் பிடித்து வைக்கத் தேவை ஒரு பிளாஸ்டிக் டேங்க் மட்டும். அழுத்தம் தாங்க வேண்டாம், குளிரூட்ட வேண்டாம். பின்சீட்டுக்கு அடியில் ஆக்ஸிலுக்கும் சைலன்சருக்கும் நடுவில் எப்படிக் கோணலாக இடம் இருந்தாலும் அந்த வடிவத்துக்கே வார்த்துவிடலாம்.

இப்போது சிஎன்ஜி. 60 லிட்டர் தண்ணீர் கொள்ளும் சிலிண்டரில் 200 பாரில் 9 முதல் 10 கிலோ வாயு ஏறும். ஆற்றலில் அது 14, 15 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஸ்டீல் சிலிண்டர் மட்டுமே சுமார் 60 கிலோ, உருளை வடிவத்தை மாற்றவும் முடியாது, அதனால் டிக்கி போய்விடும். ஹைட்ரஜனில் இன்னும் மோசம். மிராயின் இரண்டாம் தலைமுறையில் மூன்று கார்பன் ஃபைபர் டேங்குகள், மொத்தக் கொள்ளளவு 140 லிட்டர் சுற்றி, அதில் நிற்பது 5.6 கிலோ ஹைட்ரஜன். ஒரு கிலோ ஹைட்ரஜனில் பெட்ரோலைப் போல மூன்று மடங்கு ஆற்றல் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நிரம்பிய டேங்கின் எடையில் ஹைட்ரஜன் 6 சதவீதம் அளவுக்குத்தான், மீதி 94 டேங்க்தான்.

எல்பிஜி மட்டும் கொஞ்சம் கிட்டே வரும். லிட்டருக்கு 25 மெகாஜூல், பெட்ரோல் 32. அழுத்தமும் 10 பாருக்குள்தான். ஆனால் சூட்டில் திரவம் விரியும் என்பதால் டேங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. தவிர அது எண்ணெய் சுத்திகரிப்பிலும் இயற்கை வாயுக் கிணற்றிலும் கூடவே வரும் பொருள். எல்லாக் காருக்கும் போதுமான அளவுக்குத் தனியாக உற்பத்தி செய்ய வழியில்லை.

#3 ஓம்_விதி

அழுத்தமானி, டேங்கில் இருக்கும் ஆற்றலை வைத்து ஒப்பிட்டால் பெட்ரோல் எப்போதும் ஜெயிக்கும். சக்கரத்துக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் இன்ஜினின் திறன் 20 முதல் 30 சதவீதம். ஆய்வக உச்சத்தில் 40-ஐத் தொடும் இன்ஜின்கள் உண்டு, ஆனால் அது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம், ஒரு குறிப்பிட்ட லோடில்தான். 25 என்று வைத்தால் 444 யூனிட்டில் சக்கரத்துக்கு 111. மின்காரில் பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு 85 முதல் 90 சதவீதம் போகிறது. ஆக 75 யூனிட் பேட்டரி என்பது கிட்டத்தட்ட 30 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அந்த 50 லிட்டர் டேங்கில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. எடை 450 கிலோவைத் தாண்டுகிறது, அதை மறுக்கவில்லை.

தூரத்தை விடப் பெரிய இடைவெளி நிரப்பும் வேகத்தில்தான். பெட்ரோல் பம்ப் நிமிடத்துக்கு 35 லிட்டர் ஊற்றுகிறது என்றால் அந்தக் குழாய் வழியாகப் போகும் ஆற்றல் 18.7 மெகாவாட். இன்ஜின் வீணாக்குவதைக் கழித்தாலும் 4.7 மெகாவாட். 350 கிலோவாட் டிசி சார்ஜரில் சக்கரத்துக்குப் பயன்படும் பங்கு 300 கிலோவாட். பதினைந்து மடங்கு வித்தியாசம். ஒரு சாதாரண நாஸில், ஒரு சின்ன மோட்டார், இரண்டு விரல் அழுத்தம்: நூறு வருடமாக யாரும் இதை வியந்து பார்ப்பதில்லை.

பலகையில் 350 என்று எழுதியிருந்தாலும் காருக்கு 350 போகாது. கேபிளின் வரம்பு 500 ஆம்பியர் என்றால், 400 வோல்ட் பேட்டரி உள்ள காருக்கு 200 கிலோவாட்தான் உச்சம். 800 வோல்ட் காரால்தான் முழுதாக வாங்க முடியும். பல இடங்களில் ஒரே கேபினட்டில் இரண்டு கன் இருக்கும், பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றால் மின்சாரம் பங்காகிவிடும். அதற்குப் பிறகு பேட்டரியே தடை போடும். செல் குளிர்ந்திருக்கும்போது வேகமாக ஏற்றினால் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடும். அது கொள்ளளவையும் தின்னும், ஷார்ட்டுக்கும் வழி செய்யும். அதனால்தான் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி) குளிரில் கரண்டைக் குறைக்கிறது, 80 சதவீதத்துக்கு மேலும் குறைக்கிறது. நெடுஞ்சாலையில் 10-லிருந்து 80 வரை ஏற்றிவிட்டுக் கிளம்புவதுதான் சரி. 80-லிருந்து 100-க்கு ஆகும் நேரத்தில் அடுத்த சார்ஜரையே எட்டிவிடலாம். நேவிகேஷனில் சார்ஜரை இலக்காகப் போட்டால்தான் பல கார்கள் பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும். அதைப் போடாமல் போய் நின்றுவிட்டு "சார்ஜர் ஸ்லோ" என்று திட்டுபவர்கள் நிறைய.

#4 பழைய_கிளட்ச்

கணக்கெல்லாம் சரி. ஆனால் சதியே இல்லை என்று ஒதுக்காதீர்கள். 1996 முதல் குத்தகைக்கு விட்ட ஈவி1 மின்கார்களை ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) திரும்ப எடுத்துப் பெரும்பாலானவற்றை நசுக்கியது. பெரிய அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியின் காப்புரிமையில் 2001-ல் ஒரு எண்ணெய் நிறுவனத்துக்குப் பங்கு போனது. அதற்கப்புறம் காருக்கேற்ற பெரிய செல் சந்தையில் கிடைப்பதே குதிரைக் கொம்பானது. இதெல்லாம் தற்செயலா?

#5 கச்சா

தற்செயல் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தொழிலுக்குத் தன் சந்தையைக் காப்பாற்றும் எண்ணம் இருந்தது, இருக்கிறது. ஆனால் காரணத்தின் அளவைச் சரியாக வையுங்கள். நிக்கல் செல்லின் ஆற்றல் அடர்த்தி கிலோவுக்கு 60 முதல் 80 வாட்-மணி. இன்றைய லித்தியம் பேக் முழுதாக 150-க்கு மேல். காப்புரிமை பூட்டு ஒரு பத்து வருடத்தைத் தின்றிருக்கலாம், நூறு வருடத்தை அல்ல. அந்தப் பூட்டு எதுவும் லித்தியத்தைத் தடுக்கவில்லை, அது லேப்டாப் வழியாக வளர்ந்து காருக்குள் வந்துவிட்டது.

1900 வாக்கில் அமெரிக்காவில் நீராவிக் காரும் மின்காரும் சேர்ந்து பெட்ரோல் காரை விட அதிகம் இருந்தன. நீராவிக்குக் கொதிகலன் சூடேறக் காத்திருக்க வேண்டும், அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். மின்காருக்கு ஊருக்கு வெளியே கரண்டே கிடையாது. பெட்ரோல் காரில் பயம் ஹேண்டிலைச் சுற்றுவதில்தான், திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். 1912-ல் அமெரிக்கப் பொறியாளர் கெட்டரிங்கின் ஸ்டார்ட்டர் மோட்டார் காருக்கு வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. வேடிக்கை என்னவென்றால் பெட்ரோலை ஜெயிக்க வைத்தது ஒரு மின்மோட்டாரும் ஒரு பேட்டரியும்தான்.

சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், இதை யாரும் பேசுவதில்லை. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலை மட்டும் எடுக்காமல் விட முடியாது. 159 லிட்டர் பீப்பாயைக் காய்ச்சினால் எல்பிஜி, நாஃப்தா, மண்ணெண்ணெய், டீசல், தார் எல்லாம் கொதிநிலை வரிசைப்படி வரும். லாரிக்கு டீசலும் விமானத்துக்கு எரிபொருளும் வேண்டும் என்று கச்சாவை இறக்கும் வரை நாஃப்தா பகுதியும் கூடவே வந்துகொண்டிருக்கும். அதை ரிஃபார்மர் என்ற உலையில் விட்டு ஆக்டேனை (தானாக வெடிக்காமல் தாங்கும் அளவை) ஏற்றினால் பெட்ரோல். கனமான எண்ணெயை உடைக்கும் கிராக்கரின் அமைப்பை மாற்றி விகிதத்தைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தலாம், பூஜ்யம் ஆக்க முடியாது. பெட்ரோலுக்குக் கிராக்கி குறைந்தால் அந்தப் பொருள் மறைந்துவிடாது, மலிவாகும். மலிவானால் மறுபடி யாராவது எரிப்பார்கள்.

#6 நெறியாளர்

விலைப் பேச்சுக்கு இங்கே ஏற்கனவே தனி இழை இருக்கிறது. இங்கே தொழில்நுட்பம் மட்டும்.

#7 லாம்டா

எத்தனாலைப் பற்றி எழுதுகிறேன். உலகத்தில் பெட்ரோலை உண்மையாகவே ஓரம்கட்டிப் பார்த்த திரவ எரிபொருள் இது ஒன்றுதான்.

பிரேசில் 1975-ல் ப்ரோஆல்கூல் திட்டம் தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது எத்தனால் மட்டும் குடிக்கும் கார். அப்புறம் சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் கரும்பைச் சர்க்கரைக்குத் திருப்பின, 1989 வாக்கில் பங்க்குகளில் எத்தனால் தட்டுப்பாடு. மாற்று வழி இல்லாத கார் வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த சில வருடங்களில் எத்தனால் கார் விற்பனை சரிந்து ஒன்றுமில்லாமல் போனது. 2003-ல் ஃபோக்ஸ்வேகன் கோல் டோட்டல் ஃப்ளெக்ஸ் வந்த பிறகுதான் எத்தனால் மீண்டும் எழுந்தது, ஏனென்றால் அந்தக் கார் எத்தனாலும் குடிக்கும், பெட்ரோலும் குடிக்கும். அங்கே இன்று பெட்ரோல் என்று விற்பதிலும் 30 சதவீதம் எத்தனால்தான். ஆனாலும் பெட்ரோல் போகவில்லை பாருங்கள்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) குடிக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் கார்கள் 2 கோடிக்கு மேல் சாலைக்கு வந்தன. 1988 சட்டப்படி அப்படிக் கார் செய்தால் கம்பெனிக்கு மைலேஜ் கணக்கில் சலுகை கிடைத்தது, அதனால் செய்தார்கள். வாங்கியவர்களில் பலருக்குத் தன் காரில் இ85 ஊற்றலாம் என்றே தெரியாது, பங்க்குகளிலும் பெரும்பாலானவற்றில் அது இல்லை. இரண்டையும் குடிக்கும் கார், எது எளிதாகக் கிடைக்கிறதோ அதைக் குடிக்கும். அது பெட்ரோல்தான். என் கருத்தில் இந்த இழையின் கேள்விக்குப் பாதி பதில் இதுவே.

#8 கேள்விக்குறி

ஃப்ளெக்ஸ் இல்லாத சாதாரணக் காரில் இ85 ஊற்றினால் சரியாக என்ன ஆகும்? "ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை" என்கிறவர்களும் இருக்கிறார்களே.

#9 லாம்டா

எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அதே காற்றுக்கு இ85 என்றால் சுமார் 40 சதவீதம் அதிக எரிபொருளை இன்ஜெக்டர் பீய்ச்ச வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் "காற்று அதிகம்" என்று சொல்ல, ஈசியூ (இன்ஜின் கணினி) ஃப்யூவல் டிரிம்மை, அதாவது எரிபொருள் அளவில் செய்யும் திருத்தத்தை, ஏற்றிக்கொண்டே போகும். பெரும்பாலான கார்களில் அந்த டிரிம் 25 சதவீதம் அருகே நின்றுவிடும். 30 சதவீத எத்தனாலுக்குத் தேவையான கூடுதல் 12 சதவீதம் சுற்றித்தான், அது டிரிம்முக்குள் அடங்கிவிடும். "ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் இந்த எல்லைக்குள் இருப்பவர்கள். இ85-ல் டிரிம் போதாது, "எரிபொருள் குறைவு" என்ற பி0171 கோட் வரும், செக் இன்ஜின் விளக்கு எரியும். விளக்கு எரிவது பரவாயில்லை. ஆபத்து முழு ஆக்ஸிலரேட்டரில். அப்போது பல கார்களில் ஈசியூ சென்சாரைப் பார்க்காமல் முன்பே எழுதி வைத்த மேப் என்ற அட்டவணையை மட்டும் பார்த்து ஊற்றும். அந்த நேரத்தில் கலவை மெலிந்து எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

அடுத்தது குளிர் ஸ்டார்ட். பெட்ரோலில் பியூட்டேன், பென்டேன் போன்ற லேசான பகுதிகள் இருப்பதால் உறைபனியிலும் ஆவி வரும். எத்தனால் ஒற்றைப் பொருள், அதை ஆவியாக்கப் பெட்ரோலைப் போல இரண்டரை மடங்கு வெப்பம் வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே சுத்த எத்தனாலில் ஸ்டார்ட் ஆவது சிரமம். பிரேசில் கார்களில் இன்ஜின் அறையில் ஒரு சின்னப் பெட்ரோல் டப்பா வைத்ததே இதற்குத்தான். அந்த டப்பாவில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்து பிசினாகி, வேண்டிய அன்று அடைத்துக்கொள்ளும். 2009 முதல் எரிபொருளைச் சூடாக்கும் அமைப்பு வந்து அந்த டப்பாவை ஒழித்தது. குளிர் நாடுகளில் இ85 என்று விற்பதில் குளிர்காலத்தில் எத்தனால் 51 சதவீதம் வரை இறங்கலாம் என்று தரவிதியே அனுமதிக்கிறது. மீதி? பெட்ரோல்தான்.

பாகங்கள்: நைட்ரைல் ரப்பர் சீல், கார்க் கேஸ்கெட் ஊதிப்போகும். ஃப்ளூரோ எலாஸ்டமர், அதாவது விட்டான் வகை ஓ-ரிங் தாங்கும். துத்தநாகம், மக்னீசியம், பூச்சு இல்லாத அலுமினியம் அரிக்கும், பழைய கார்புரேட்டர் உடலில் இருப்பதெல்லாம் இவைதான். பழைய டேங்கில் முதல் முறை எத்தனால் கலவை போனால் சுவரில் ஒட்டியிருந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். இரண்டு மூன்று டேங்க் ஓடியதும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். அதிக எத்தனாலை விடக் குறைந்த எத்தனால்தான் இதில் தொல்லை. இ10 கலவை சாதாரண வெப்பத்தில் 0.5 சதவீதம் வரைதான் தண்ணீரைத் தாங்கும், 50 லிட்டரில் கால் லிட்டர். அதைத் தாண்டினால், அல்லது வரம்பின் ஓரத்தில் இருக்கும்போது இரவில் குளிர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மேலே மிஞ்சும் பெட்ரோலிலும் எத்தனால் போய்விட்டதால் ஆக்டேன் குறைந்திருக்கும். பிரிந்ததை ஏதாவது ஊற்றிக் கலக்கச் சேர்க்கலாம் என்பது வீண் வேலை. டேங்கை வடித்துத் துடைப்பதுதான் வழி.

முறையான ஃப்ளெக்ஸ் காரில் பெரிய இன்ஜெக்டர், எரிபொருள் லைனில் எத்தனால் சென்சார், கடினமான வால்வு சீட் எல்லாம் சேர்ந்து வரும். சென்சாரின் வேலை எளிது: எத்தனாலின் மின்காப்பு மாறிலி 24 சுற்றி, பெட்ரோலுடையது 2. நடுவில் வரும் எண்ணை வைத்துக் கலவையைக் கண்டுபிடித்துவிடும்.

#10 அழுத்தமானி

லாம்டா சொன்ன "இரண்டும் குடிக்கும் கார்" கதை வாயுவிலும் உண்டு. சிஎன்ஜி போட்ட கார் பெட்ரோலை விட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் ரிடியூசரை, அதாவது வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் பாகத்தை, தொட்டுப் பார்த்ததில்லை.

200 பாரிலிருந்து 2 பாருக்கு வாயு விரியும்போது ரிடியூசர் பனிக்கட்டி மாதிரி ஆகும். அதனால்தான் அதற்குள் கூலன்ட் ஹோஸை ஓட்டிச் சூடேற்றுகிறோம். கூலன்ட் 30, 40 டிகிரி வரும் வரை கார் பெட்ரோலில்தான் ஓடும், அப்புறம்தான் மாறும். காலை மாலை மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர் சிஎன்ஜி கார் வைத்திருந்தும் கணிசமாகப் பெட்ரோல் எரிக்கிறார். ரிடியூசர் உறைந்து நின்றால் முதலில் கூலன்ட் அளவையும் ஹோஸில் காற்றுப் பூட்டையும் பாருங்கள். ரிடியூசரைக் கழற்றுவது கடைசியில்.

டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினில் இன்னொரு சிக்கல். பெட்ரோல் இன்ஜெக்டரின் முனை எரியறைக்குள்ளேயே இருக்கிறது, அதைக் குளிர்விப்பதே அதன் வழியாகப் போகும் பெட்ரோல். வாயுவில் ஓட்டும்போது பெட்ரோலை முழுதாக நிறுத்தினால் முனை கரி பிடித்து, சீல் வெந்துபோகும். அதனால் இந்த வகை கிட்டுகள் வாயுவில் ஓடும்போதும் 10 முதல் 20 சதவீதம் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். டேங்க் காலியானால் வாயு நிரம்பி இருந்தும் வண்டியை ஓட்டக் கூடாது.

மற்றவை சுருக்கமாக: உறிஞ்சும் பாதையில் வாயு காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பவர் 10 சதவீதத்துக்கு மேல் குறையும். வாயுக் கலவையைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேண்டும், ஸ்பார்க் ப்ளக் இடைவெளியை 0.1 முதல் 0.2 மி.மீ. குறைத்தால் இக்னிஷன் காயில் பிழைக்கும். வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும், டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி சுருங்கும், பிறகு வால்வு முழுதாக மூடாது. மெக்கானிக்கல் டேப்பட் இன்ஜினில் 20,000 முதல் 30,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) போட்டுப் பாருங்கள். ஹைட்ராலிக் டேப்பட்டில் இது கடைசி வரை வெளியே தெரியாது, கம்ப்ரஷன் விழுந்த பிறகுதான் தெரியும்.

#11 சுழலி

அப்படியானால் இவ்வளவு தலைவலிக்கு ஹைட்ரஜனே மேல் இல்லையா? ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம், புகை கிடையாது.

#12 அழுத்தமானி

ஐந்து நிமிடம் முதல் சில கார்களுக்கு. நிலையத்தில் 900 பாருக்கு மேல் சேமித்து வைத்த வாயுவைத்தான் இறக்குகிறார்கள். அது தீர்ந்தால் கம்ப்ரஸர் மறுபடி அழுத்தம் ஏற்றும் வரை வரிசையில் நிற்க வேண்டியதுதான். வேகமாக நிரப்பும்போது டேங்க் சூடாகும், 85 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்காக வாயுவை மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்வித்து அனுப்புகிறார்கள். காற்றில் ஈரம் இருந்தால் நாஸில் காரோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது, உருகும் வரை காத்திருக்க வேண்டும். தூய்மை விதியும் கடுமை: கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் இருந்தால் ஃப்யூவல் செல்லின் (ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் பாகத்தின்) பிளாட்டினம் நஞ்சாகும்.

மின்சாரக் கணக்கில்தான் பெரிய அடி. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட், அழுத்தவும் குளிர்விக்கவும் சேர்த்தால் 60 அருகே. அந்த ஒரு கிலோவில் கார் 100 கி.மீ. போகும். அதே 60 யூனிட்டை பேட்டரியில் ஏற்றினால் 300 கி.மீ.யைத் தாண்டும். கலிஃபோர்னியாவில் ஷெல் நிறுவனம் தன் கார் ஹைட்ரஜன் நிலையங்களை 2024-ல் மூடிவிட்டது. பெட்ரோலில் ஒரு பங்க் மூடினால் அடுத்ததுக்குப் போகலாம். ஹைட்ரஜனில் ஒரு நிலையம் மூடினால் அந்தப் பகுதியில் கார் நின்றுவிடும்.

#13 கச்சா

செயற்கைப் பெட்ரோலையும் சேர்த்துவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். இருக்கிற கார், இருக்கிற பங்க், எதையும் மாற்ற வேண்டாம் என்பதால் கேட்க இனிக்கும். வேதியியல் புதிதில்லை: நியூசிலாந்தின் மோட்டுனுயியில் 1980-களில் இயற்கை வாயுவை மெத்தனாலாக்கி, அதிலிருந்து பெட்ரோல் செய்தார்கள். சிலியில் ஹாரு ஓனி ஆலை 2022 முதல் காற்றாலை மின்சாரத்தில் அதே மெத்தனால் வழியில் செய்கிறது. கணக்கு இதோ: ஒரு லிட்டர் பெட்ரோலில் 8.9 யூனிட் ஆற்றல். அதைச் செய்ய ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு பிடிப்பு எல்லாம் சேர்த்து 20 யூனிட் மாதிரி போகும். கார் அதில் 15 கி.மீ. ஓடும். அந்த 20 யூனிட்டில் மின்கார் 110, 120 கி.மீ. ஓடும். பழைய கார் சேகரிப்பவர்களுக்கும் பந்தயத்துக்கும் சரி. எல்லாருடைய காருக்கும் என்றால் அவ்வளவு மின்சாரத்துக்கு எங்கே போவது?

#14 ஓம்_விதி

இத்தனையிலும் ஒன்று கவனியுங்கள். எத்தனாலுக்கும் வாயுவுக்கும் ஹைட்ரஜனுக்கும் புதிதாக ஒரு விநியோக வலை போட வேண்டும். மின்சாரத்துக்கு மட்டும் அந்த வலை ஏற்கனவே வீட்டுச் சுவர் வரை வந்திருக்கிறது. பேட்டரி மட்டும் முன்னேறிப் போனதற்குக் காரணம் அதுதான். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் இல்லாதவர்களிடம் பெட்ரோல் தங்கிவிட்டதற்கும் அதுவே காரணம்.

நாளுக்கு 40 கி.மீ. ஓட்டினால் தேவை 7 யூனிட். 7.4 கிலோவாட் சார்ஜரில் ஒரு மணி நேரம். ஆனால் அந்த 32 ஆம்பியருக்குத் தனி லைன் போடுங்கள்: குறைந்தது 6 சதுர மி.மீ. செம்பு வயர், தூரம் அதிகம் என்றால் 10. 40 ஆம்பியர் எம்சிபி (அதிக லோடில் அணையும் சுவிட்ச்). 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவில் அணையும் சுவிட்ச்). காரின் சார்ஜரிலிருந்து டிசி கசிவு வந்தால் சாதாரண ஆர்சிசிபி செவிடாகிவிடும், அதனால் 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி சார்ஜரிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண 16 ஆம்பியர் ப்ளக்கில் ஏற்றுபவர்கள் காரின் செட்டிங்கில் 10 ஆம்பியருக்கு இறக்கிவிடுங்கள். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் இழுக்கும், கார் எட்டு மணி நேரம் இழுக்கும். சாக்கெட்டின் பித்தளைக் கிளிப் தளர்ந்திருந்தால் அங்கேதான் சூடாகி உருகும். ஏற்ற ஆரம்பித்து அரை மணி கழித்து ப்ளக்கின் முகத்தைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள்.

அடுக்குமாடியில் 100 கார். எல்லாருக்கும் 7.4 என்று கூட்டினால் 740 கிலோவாட், டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது, சங்கம் "முடியாது" என்று சொல்லிவிடும். ஆனால் தேவையே 100 பேருக்கு 700 யூனிட். இரவு எட்டு மணி நேரத்தில் பரப்பினால் இழப்பும் சேர்த்து 100 கிலோவாட் போதும். மொத்த லோடைப் பார்த்துப் பங்கிட்டுக் கொடுக்கும் லோடு மேனேஜ்மென்ட் உள்ள சார்ஜர்களாக ஒரே வகையில் வாங்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனி பிராண்டைத் தன் மீட்டரிலிருந்து இழுத்துப் போட்டால் இருபதாவது காரில் அந்தக் கட்டடம் மாட்டிக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து வரவேண்டும்.

#15 பழைய_கிளட்ச்

நார்வேயில் எல்லாம் முடிந்துவிட்டதே? அங்கே வீட்டில் சார்ஜ், ரோட்டில் சார்ஜ், எல்லாம் இருக்கிறது.

#16 ஓம்_விதி

முடியவில்லை, அதுதான் விஷயம். 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் 89 சதவீதம் முழு மின்கார். ஆனால் அந்த வருட முடிவில் சாலையில் இருந்த கார்களில் மின்கார் கால் பங்குக்குச் சற்று மேல்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் காரின் சராசரி வயது 12 வருடத்துக்கு மேல். நேற்று விற்ற பெட்ரோல் கார் இரண்டு மூன்று கை மாறி 2040 வரை ஓடும். பெட்ரோலோடு போட்டி போடுவது இன்றைய ஷோரூம் மட்டுமில்லை, ஏற்கனவே விற்றுத் தீர்ந்த நூறு கோடிக்கு மேற்பட்ட இன்ஜின்களும் சேர்த்துத்தான்.

#17 சுழலி

கடைசியாக ஒரு சந்தேகம். இடைவழியாக ப்ளக்-இன் ஹைப்ரிட் (ப்ளக் போட்டு ஏற்றும் பேட்டரியும் பெட்ரோல் இன்ஜினும் சேர்ந்த கார்) வாங்கி, தினமும் சார்ஜ் போட்டு, பெட்ரோலை அவசரத்துக்கு மட்டும் வைத்தால்? டேங்கில் பெட்ரோல் எத்தனை நாள் கிடக்கலாம்?

#18 லாம்டா

தினமும் போடுவீர்கள் என்றால் நல்ல ஏற்பாடு. ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட சாலைத் தரவில் இந்தக் கார்களின் நிஜ உமிழ்வு ஆய்வக எண்ணைப் போல மூன்றரை மடங்கு. காரணம் பெரும்பாலும் ப்ளக் போடாததே. #7-ல் எழுதிய அதே நோய்.

டேங்க் விஷயம்: இந்தக் கார்களில் டேங்க் மூடி முத்திரையிட்டு லேசான அழுத்தத்தில் இருக்கும், ஏனென்றால் ஆவியைப் பிடிக்கும் கரி கேனிஸ்டரைச் சுத்தம் செய்ய இன்ஜின் ஓட வேண்டும், அது ஓடுவதில்லை. மூடியைத் திறக்கும் பட்டனை அழுத்தி, அழுத்தம் இறங்கும் வரை சில வினாடி காத்திருந்துதான் நாஸில் வையுங்கள். சீல் இருப்பதால் சாதாரண டேங்கை விடப் பெட்ரோல் அதிக நாள் தாங்கும், ஆனால் லேசான பகுதிகள் மெல்லப் போய்க் குளிர் ஸ்டார்ட் கெடும், பிசின் கூடும். செவர்லே வோல்ட் மாதிரி சில கார்கள் பெட்ரோலின் வயதைத் தாங்களே கணக்கு வைத்து, ஒரு வருடம் ஆனதும் பேட்டரி நிரம்பியிருந்தாலும் இன்ஜினை ஓட்டி அதை எரித்துவிடும். உங்கள் காரில் அந்த வசதி இல்லையென்றால் டேங்கைக் கால் அளவுக்கு மேல் நிரப்பாமல் வைத்து, மாதம் ஒருமுறை இன்ஜின் முழுச்சூடு வரும்படி இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். நிறுத்திய இடத்தில் ஐடிலில் ஓட்டுவது போதாது, ஆயிலில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் அந்தச் சூட்டில் வெளியேறாது.